மார்க் குறைந்த பிள்ளைக்கு முன்னால்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் தொடர்ந்து மார்க் குறைவாக வாங்கும் பிள்ளையைப் பற்றி எல்லோரிடமும் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. ஆசிரியர் "கவனமே இல்லை" என்பார். அப்பா "பொறுப்பே இல்லை" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் "எல்லாம் செல்போனால் வந்தது" என்பார். கூடப் படிப்பவர்களுக்கு அவன் வகுப்பைச் சிரிக்க வைக்கும் ஆள். பெண் பிள்ளையாக இருந்தால் பெரும்பாலும் யாருக்கும் எந்தக் கருத்துமே இருக்காது. சத்தம் போடாமல் பின்னால் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பிள்ளையையே கேட்டால், "எனக்குப் படிப்பு வராது சார்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும்.

இந்த வரியோடு யாரும் பள்ளிக்கு வருவதில்லை. ஒன்றாம் வகுப்பில் போய் "யாரு நல்லா படிப்பீங்க?" என்று கேட்டால் வகுப்பு முழுக்கக் கை தூக்கும். பத்தாம் வகுப்பில் அதே கேள்விக்கு நான்கைந்து கைகள் எழலாம், அதுவும் தயங்கித் தயங்கி. நடுவில் உள்ள ஒன்பது வருடங்களில் பாடத்தோடு சேர்த்து இன்னொன்றையும் பிள்ளைகள் படித்துவிடுகிறார்கள்: அடுத்தவர் முகத்தில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை.

மார்ட்டின் கோவிங்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களிலிருந்து இதை ஆராய்ந்தார். அவர் சொன்னதை நம் ஊர் வகுப்பறையில் வைத்துப் பார்க்கலாம். ஒரு பையன் ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டுப் போய் 20 மார்க் வாங்கினால் அவன் மக்கு. படிக்காமல் போய் அதே 20 வாங்கினால் அவன் சோம்பேறி, விளையாட்டுப்பிள்ளை. "படிச்சா எடுத்துடுவான், படிக்க மாட்டேங்கிறான்" என்று அம்மாவே பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு பெயரில் ஒன்றை எடுத்துக்கொள் என்றால் பதினைந்து வயதுப் பிள்ளை இரண்டாவதைத்தான் எடுக்கும். நாம் அலட்சியம் என்று திட்டுவது பல நேரங்களில் அந்தப் பிள்ளை போட்டிருக்கும் கவசம். கவசத்தின் மேல் அடித்தால் அதை இன்னும் இறுக்கிக்கொள்ளும். கீழே சொல்பவை எல்லாம், அதைத் தானாகக் கழற்றிவைக்கலாம் என்ற தைரியத்தை எப்படித் தருவது என்பதைப் பற்றியவை.

வகுப்பறையில்

காது கேட்கும் தூரத்தில் தரம் பிரித்துப் பேசாதீர்கள். அரசுப் பள்ளிப் பதிவேடுகளில் "மெல்லக் கற்போர்" என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பட்டியல் தேவைதான், யாருக்கு எங்கே உதவி வேண்டும் என்று தெரியாமல் உதவ முடியாது. ஆனால் அது ஆசிரியரின் மேசை டிராயரில் இருக்க வேண்டிய தாள். "ஸ்லோ லேர்னர்ஸ் எல்லாம் எழுந்து வெளியே வாங்க" என்று வகுப்பு வாசலில் நின்று கூப்பிட்ட மறுநிமிடம் அது நாற்பது பேருக்கும் தெரிந்த செய்தியாகிவிடுகிறது. மாலை வகுப்புக்குப் பிள்ளைகளின் பெயரை வைக்காமல் பாடத்தின் பெயரை வையுங்கள். "இன்னிக்கு வடிவியல், இதுல சந்தேகம் இருக்கிறவங்க இருங்க" என்றால் 80 மார்க் வாங்கும் பிள்ளையும் ஒருநாள் இருப்பாள். ஒருவன் அந்தப் பகுதியைக் கற்றுக்கொண்டுவிட்டால் மறுநாளே அவனை வீட்டுக்கு அனுப்புங்கள். உள்ளே வந்தால் வெளியே போக வழியில்லாத வகுப்பைத்தான் பிள்ளைகள் வெறுக்கிறார்கள்.

விடைத்தாளை மார்க் வரிசையில் கொடுக்காதீர்கள். அதிக மார்க்கில் தொடங்கிக் கடைசிப் பெயர் வரை வாசித்துக்கொண்டே போவது இன்னும் பல பள்ளிகளில் நடக்கிறது. கடைசி ஐந்து பேர் தங்கள் பெயர் வரும்வரை உட்கார்ந்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் எந்தப் பாடத்தையும் கற்கவில்லை. பொதுத்தேர்வில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2017-லேயே கைவிட்டுவிட்டது. மாநிலமே விட்டதை ஒரு திருப்புதல் தேர்வுக்காக வகுப்பறையில் வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கேள்வி கேட்டபின் காத்திருங்கள். இது மிகச் சிறிய காரியம், ஆனால் இந்தப் பட்டியலில் நான் மிகவும் நம்புவது இதைத்தான். மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கணக்கெடுத்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் அடுத்தவரிடம் போய்விட்டார்கள், அல்லது தாங்களே பதில் சொல்லிவிட்டார்கள். நன்றாகப் படிப்பவர் என்று ஆசிரியர் நினைத்த பிள்ளைகளுக்கு அதிக நேரம் கிடைத்தது. படிக்காதவர் என்று நினைத்தவர்களுக்குக் குறைவாகக் கிடைத்தது. மூன்று நொடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன. அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். கடைசி பெஞ்சுப் பையனிடம் கேட்டுவிட்டு மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பாருங்கள். அந்த மூன்று நொடி ரொம்ப நீளமாகத் தெரியும். அவனும் நிமிர்ந்து பார்ப்பான், "நான் சொல்லுவேன்னு நினைக்கிறாங்களா?" என்று.

பாவம் பார்க்காதீர்கள். இதைக் கேட்கக் கடினமாக இருக்கும், நல்ல மனசுள்ள ஆசிரியர்கள்தான் அதிகம் செய்வார்கள் என்பதால். "பரவாயில்லப்பா, உன்னால முடிஞ்சது அவ்வளவுதான்" என்று முதுகில் தட்டிக்கொடுப்பதைப் பிள்ளை எப்படிப் புரிந்துகொள்கிறது? சாண்ட்ரா கிரஹாம் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், தோற்ற பிள்ளைகளிடம் பரிவு காட்டியபோது அவர்கள் தங்களுக்குத் திறமை இல்லை என்று முடிவு கட்டினார்கள். லேசாகக் கோபப்பட்டபோது முயற்சி போதவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் பிரம்பைத் தேடி எடுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் வயது வரம்பு 14 என்றாலும் பத்தாம் வகுப்பு ஆசிரியரும் அதையே தன் எல்லையாகக் கொள்ள வேண்டும். இங்கே சொல்ல வருவது வேறு: "இந்தக் கணக்கு உன்னால முடியும், நீ ரெண்டாவது படியில விட்டுட்ட" என்ற கண்டிப்பில் ஒரு மரியாதை இருக்கிறது. எளிதான வேலைக்கு "சூப்பர், சூப்பர்" என்று அள்ளிக் கொட்டுவதிலும் பாவம் பார்ப்பதில் உள்ள அதே குறைதான். தேதி எழுதியதற்குப் பாராட்டு வாங்கும் பிள்ளைக்குத் தன்னைப் பற்றி ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்று புரிந்துவிடும்.

மார்க்குக்குப் பக்கத்தில் அடுத்த வேலை ஒன்றை எழுதுங்கள். "12/100, மிக மோசம்" என்று சிவப்பு மையில் எழுதினால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? கிழிப்பான். கணக்கில் பின்தங்கிய பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்குத் தடை பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இல்லை. இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தத் தெரியவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். தாளை உற்றுப் பார்த்தால் குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கும் இடத்தில் அவன் சறுக்கியிருப்பான். அது ஏழாம் வகுப்புப் பாடம். ஏழாம் வகுப்பில் அம்மை போட்டு வீட்டில் கிடந்திருக்கலாம், அப்பாவுக்கு வேலை மாறி ஊர் மாறியிருக்கலாம். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது போன அடிப்படைகளைப் பல பிள்ளைகள் திரும்பப் பெறவே இல்லை. "கொரோனா பேட்ச்" என்ற கேலியை மட்டும் பெற்றுக்கொண்டார்கள். "குறை எண் பெருக்கல் பத்துக் கணக்கு போட்டு வா" என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். "எனக்குக் கணக்கு வராது" என்பதும் "எனக்குக் குறை எண் பெருக்கல் வரவில்லை" என்பதும் வேறுவேறு. இரண்டாவதை ஒரு வாரத்தில் சரிசெய்யலாம்.

ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை அறிவிக்காதீர்கள். "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்ற வசனத்தில் மாடு மேய்ப்பவருக்கும் அவமானம், பிள்ளைக்கும் அவமானம். ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணவரின் அறிவையே கூட்டும் என்று ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968-ல் எழுதியபோது உலகம் முழுக்கப் பரபரப்பானது. பிறகு வந்தவர்கள் அந்த விளைவு அவ்வளவு பெரியதில்லை, பல நேரம் சிறியதுதான் என்று காட்டினார்கள். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 1997-ல் ஸ்டெபனி மேடன், லீ ஜஸ்ஸிம், ஜாக்குலின் எக்கிள்ஸ் மூவரும் சேர்ந்து செய்த ஆய்வு, படிப்பில் பின்தங்கியவர்களிடம்தான் ஆசிரியரின் எண்ணம் அதிக வலுவோடு பலிக்கிறது என்று கண்டது. முதல் பெஞ்சுப் பிள்ளை நம் வார்த்தையைத் தாண்டிப் போய்விடும். அதற்கு வீடும் பழைய மார்க்கும் துணை இருக்கிறது. கடைசி பெஞ்சுக்கு நம் வார்த்தையைத் தவிர வேறு சான்றிதழ் இல்லை.

இடம் மாற்றி உட்கார வையுங்கள். 2025-ல் தமிழ்நாட்டு வகுப்பறைகளில் "ப" வடிவில் இருக்கை போடச் சொன்னபோது, கழுத்து வலிக்கும், இடம் போதாது என்று எதிர்ப்பு வந்தது. அறுபது பேர் நெருக்கியடித்து உட்காரும் அறையில் அந்த எதிர்ப்பு நியாயமும்தான். வடிவம் எதுவானாலும் வாரம் ஒரு வரிசை நகர்ந்தால் போதும். "அது அவன் இடம்" என்ற நினைப்பு கலையும்.

கண்ணையும் காதையும் முதலில் சோதியுங்கள். கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுபவனைக் காப்பி அடிக்கிறான் என்று அடித்த வகுப்பறைகள் உண்டு. ரத்தசோகையால் இரண்டாம் பீரியடிலேயே தலை சாய்க்கும் பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை பள்ளியிலேயே கிடைக்கிறது. எழுத்துகள் இடம் மாறித் தெரிவது, வாய்விட்டு வாசிக்கத் தடுமாறுவது, பேச்சில் கெட்டிக்காரத்தனமும் எழுத்தில் குழப்பமும் இருப்பது போன்றவை தென்பட்டால் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது; சான்று பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்கும். இதற்குப் பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடக் கூடாது, ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

தலைமை ஆசிரியர்களுக்கும் தாளாளர்களுக்கும் ஒன்றே ஒன்று: நூறு சதவீதத் தேர்ச்சிக்காக ஒன்பதாம் வகுப்பு முடிவில் பிள்ளையை டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்லாதீர்கள். பள்ளி வாசலில் கட்டும் அந்த பேனரில் இல்லாத பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று ஊருக்குத் தெரியும். "நீ இருந்தால் எங்களுக்கு அசிங்கம்" என்று பதினான்கு வயதில் ஒரு நிறுவனமே சொன்னதை அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க வைத்திருக்கும்.

வீட்டில்

ஒப்பிடாதீர்கள் என்று எல்லோரும் சொல்லிச் சலித்துவிட்டார்கள், அதனால் ஒரு வகை ஒப்பீட்டை மட்டும் சொல்கிறேன். உடன்பிறந்தவளோடு ஒப்பிடுவது மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாகப் போகிறது. "அக்காவும் இதே வீட்டுச் சோறுதானே சாப்பிட்டா?" என்று கேட்டால், அதே சோற்றைச் சாப்பிட்டும் முடியவில்லை என்றால் குறை தன்னிடம்தான் என்ற முடிவைத் தவிர அவனுக்கு வேறு என்ன மிஞ்சும்? அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் இருந்த பாசமும் அங்கே அடிபடுகிறது.

அவனுக்கு வருவதைப் பிடுங்காதீர்கள். மார்க் குறைந்ததும் முதலில் வெட்டு விழுவது கபடிக்கோ, பறைக்கோ, மாமாவின் மெக்கானிக் கடையில் ஞாயிற்றுக்கிழமை செலவிடும் நேரத்துக்கோதான். ஒரு பிள்ளை தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் ஒற்றைக் கட்டியாக இருப்பதில்லை. கணக்கில் நான் இப்படி, விளையாட்டில் நான் இப்படி, நண்பர்களிடம் நான் இப்படி என்று தனித்தனியாக இருக்கிறது. உளவியலாளர்கள் 1970-களிலிருந்தே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். வாரத்தில் ஆறு நாள் தோற்பவன் ஏழாம் நாள் கார்பரேட்டரைக் கழற்றிச் சரியாக மாட்டுகிறான். அந்த ஒரு நாளையும் எடுத்துவிட்டால் ஏழு நாளும் தோற்பவனாகிவிடுவான். நேரத்தைக் குறையுங்கள், வேண்டுமானால் தேர்வு முடியும்வரை பாதியாக்குங்கள். ஒரேயடியாக நிறுத்தாதீர்கள்.

"பெரிய ஸ்கூல்ல போட்டா சரியாயிடுவான்" என்று கடன் வாங்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஹெர்பர்ட் மார்ஷ் 1980-களிலிருந்து இதைத்தான் ஆராய்ந்தார். ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் இருப்பவர் தன்னைக் குறைவாக மதிப்பிட்டுக்கொள்கிறார். பல நாடுகளில் இதே முடிவு வந்தது. சுற்றியிருக்கும் எல்லோரும் 90 வாங்கும் இடத்தில் 60 தோல்வியாகத் தெரியும். பள்ளியை மாற்ற நல்ல காரணங்கள் உண்டு: ஆசிரியர் இல்லை, அடி விழுகிறது, போக வர மூன்று மணி நேரம். பெயர் பெற்ற பள்ளி என்பது மட்டும் காரணமாக இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும்முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுல எந்தக் கேள்வி உனக்குத் தெரியும்னு நினைச்சுப் போய் தப்பா போச்சு?" இதற்குப் பதில் சொல்ல அவன் தாளைத் திறந்து பார்க்க வேண்டும். "ஏன் இவ்வளவு குறைஞ்சது?" என்ற கேள்விக்குப் பொய்தான் பதிலாக வரும். நீங்கள் படிக்காதவராக இருந்தாலும் முதல் கேள்வியைக் கேட்கலாம். சொல்லப்போனால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாத ஒன்றை அவன் விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பது அவனுக்கு நல்லது.

பெண் பிள்ளையின் மௌனத்தை அடக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மார்க் குறைந்த பையன் வகுப்பில் ரகளை செய்து கவனம் வாங்குவான். மார்க் குறைந்த பெண் காணாமல் போவாள். நோட்டு சுத்தமாக இருக்கும், கையெழுத்து அழகாக இருக்கும், விடை எல்லாம் பார்த்து எழுதியதாக இருக்கும். வீட்டிலோ "பத்தாவது போச்சுன்னா கல்யாணம்தான்" என்ற பேச்சு அவள் காதுபடவே நடக்கும். ஒரு மார்க் குறைந்தால் வாழ்க்கையே கை மாறும் என்ற பயத்தில் யாருக்கும் படிப்பு ஏறாது. பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம். அப்படி ஒரு ஏற்பாடு நடப்பது தெரிந்தால் ஆசிரியரும் தோழியும் 1098-க்கு அழைக்கலாம். தம்பியைப் பார்த்துக்கொள்வது, தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் முடிந்து அவள் புத்தகத்தைத் திறக்கும்போது மணி எத்தனை என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். மார்க்குக்கான காரணத்தில் பாதி அங்கே தெரியலாம்.

உறவினர்களுக்கு: கல்யாண வீட்டில் மார்க் கேட்காதீர்கள். பந்தியில் சுறுசுறுப்பாகப் பரிமாறிக்கொண்டிருக்கும் பையனிடம் அந்தப் பரிமாறலைப் பற்றிப் பேசுங்கள்.

உனக்கு

இதுவரை சொன்னதெல்லாம் பெரியவர்களுக்கு. இனி, மார்க் குறைவாக வாங்கும் உனக்கு.

அடுத்தவர் சொல்லும் முன் உன்னை நீயே கேலி செய்துகொள்ளாதே. "நான்தான் மக்கு சங்கத் தலைவர்" என்று சொல்லி நீ முதலில் சிரித்துவிட்டால் மற்றவர்கள் சிரிப்பது வலிக்காது என்று தோன்றும். தினமும் சொன்னால் அதை நம்பத் தொடங்கும் முதல் ஆளும் நீதான்.

எல்லோரும் உன்னையே பார்ப்பதாக நினைக்காதே. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டோடு ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். நீ தப்பாகப் பதில் சொன்னதை வகுப்பில் பலர் மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுவார்கள். அடுத்து தன்னைக் கேட்பார்களோ என்ற பயத்தில் இருந்தவர்களே அதிகம்.

முதல் ரேங்க் மாணவனிடம் போகாதே, உனக்கு ஒரு படி மேலே இருப்பவனிடம் போ. 35 வாங்குபவனுக்கு 50 வாங்குபவன் நன்றாகச் சொல்லித் தருவான். போன மாதம்தான் அவனுக்கே அது புரிந்திருக்கும், எங்கே குழம்பினான் என்பது அவனுக்கு நினைவிருக்கும்.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதிப் பார். திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்ததுபோல இருக்கும், தேர்வறையில் வராது. ஒரு பக்கம் படி, மூடு, வெள்ளைத்தாளில் நினைவுக்கு வந்ததை எழுது, திறந்து விட்டதைப் பார். முதல் நாள் மூன்று வரிதான் வரும். அந்தத் தாளை யாருக்கும் காட்ட வேண்டாம். யாரும் பார்க்காத இடத்தில் தோற்றுப் பழகுவதற்கு இது நல்ல வழி. அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என்று பிரித்திருக்கிறார்கள். செய்முறையை ஒழுங்காகச் செய்தால் எழுத்துத் தேர்வில் 20 எடுத்தாலே தேர்ச்சி. முதலில் அதை எடு. முப்பத்தைந்தைத் தொட்டபின் ஐம்பதைப் பற்றி யோசிக்கலாம்.

தேர்வு முடிவு வரும் நாளில்

செல்போனில் முடிவைப் பார்க்கும்போது பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். அன்றும் மறுநாளும் வீட்டில் யாராவது கூடவே இருங்கள். "எங்க மூஞ்சியில கரியைப் பூசிட்டியே" என்ற சொல் அன்று எந்த வாயிலிருந்தும் வரக் கூடாது, கோபத்தில்கூட. பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டால் தட்டுங்கள், திறக்கும்வரை தட்டுங்கள். சாவதைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் விளையாட்டுப் பேச்சு என்று விடாமல் 104-க்கோ 14416-க்கோ அழையுங்கள். இரண்டிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417.

ஊருக்குச் சொல்லும் பதிலை முதலிலேயே சேர்ந்து முடிவு செய்யுங்கள். யார் கேட்டாலும் "ரெண்டு பேப்பர் இருக்கு, எழுதுறா" என்று அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில் சொன்னால் அதற்குமேல் யாரும் தோண்ட மாட்டார்கள். பிள்ளையும் அந்த வாக்கியத்தைத்தான் தன்னைப் பற்றிச் சொல்லக் கற்றுக்கொள்ளும்.

துணைத்தேர்வுக்கு உடனே விண்ணப்பியுங்கள். முடிவு வந்த சில நாட்களிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும், அவகாசம் குறைவு. பள்ளிக்கு அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். தேர்ச்சி பெற்ற பிள்ளைகள் மார்க் பட்டியல் வாங்க வரிசையில் நிற்கும் நேரத்தில் அவள் மட்டும் அலுவலக ஜன்னலில் தோற்ற பாடங்களின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். பக்கத்தில் நில்லுங்கள். துணைத்தேர்வில் தேறினால் அந்த ஆண்டே பதினோராம் வகுப்பிலோ பாலிடெக்னிக்கிலோ சேர வழி இருக்கிறது. டிப்ளமோ முடித்தவர் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ.யில் சில தொழிற்பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். இவற்றையெல்லாம் முடிவு வருவதற்கு முன்பே, ஏப்ரலில், எதையும் யாரும் இழக்காத ஒரு மாலையில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.